வாய்திறந்து சொல்லாத நோய்

நோய்களுள்ளும் உயர்ந்தவை தாழ்ந்தவை என்னும் வேறுபாடு உண்டு போலும். நெஞ்சுவலி கண்டவர் அதனை நால்வர் அறியக் கூறுவர். கேட்போரும் பரிவு காட்டுவர். நீரிழிவு இன்று விருந்துப் பந்தியிலேயே பேசப்படும் பொருளாகிவிட்டது. ஆனால் ஆசனவாயில் வெடிப்புற்று, காலைக்கடன் கழிக்கும்போதெல்லாம் கண்ணாடித் துண்டால் கீறுவது போன்ற வலியால் துடிப்பவர், அதனைக் கட்டிய மனைவியிடமும் பெற்ற தாயிடமும் கூடச் சொல்வதில்லை. சொல்லாத நோய்க்கு மருந்து இல்லை. மருந்து காணாத நோய்க்கு வரலாறும் இருப்பதில்லை. எனினும் இந்நோய்க்கு ஒரு வரலாறு உண்டு. அது மருத்துவ நூல்களில் மட்டுமின்றி, தோட்டங்களின் லயன் வீடுகளிலும், அரிசிப் பானையிலும், பள்ளிக்கூடத்தின் பின்புறத்திலும் எழுதப்பட்டுள்ளது.

முதலில் சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுதல் நலம். தமிழ் மக்கள் பேச்சுவழக்கில் ஆசனவாயைப் பற்றிய எல்லா நோயையும் 'மூலம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றனர். உண்மையில் அவை மூன்று. குருதிக்குழாய்கள் புடைத்து முளைபோல் தோன்றுவது மூலம். சீழ் வடியும் புழைவழி ஒன்று தோலுக்கும் குடலுக்கும் இடையே உண்டாவது பவுத்திரம். ஆசனவாயின் உள்ளோரத்து மெல்லிய தோலில் நீளவாக்கில் கிழிசல் ஏற்படுவது வெடிப்பு. மூலத்தில் குருதி மிகுதியாக வரலாம், வலி பெரும்பாலும் இராது. வெடிப்பிலோ குருதி சில துளிகளே. வலியோ மலம் கழித்த பின்னும் மணிக்கணக்கில் நீடிக்கும். இவ்வேறுபாடு அறியாமையால், வெடிப்புற்றவர் மூலத்திற்குரிய மருந்தை வாங்கிப் பூசிப் பல்லாண்டுகளைக் கழிக்கின்றனர். 'மூலம், பவுத்திரம், அறுவையின்றிக் குணமாக்கப்படும்' என்று தமிழகத்து ஊர்ச்சுவர்களில் காணப்படும் விளம்பரங்கள் இக்குழப்பத்தின் மேல் கட்டப்பட்ட வாணிகமே ஆகும்.

கிழிசல் ஒன்று எளிதில் ஆறாமைக்குக் காரணம் என்ன? ஆசனவாயைச் சுற்றி இரண்டு சுருக்குத்தசைகள் உள்ளன. வெளித்தசை நம் விருப்பத்திற்குக் கட்டுப்பட்டது, உட்தசை கட்டுப்படாதது. இறுகிய மலம் தோலைக் கிழிக்கிறது. வலி கண்டவுடன் உட்தசை தானாகவே இறுகுகிறது. தசை இறுகினால் அப்பகுதிக்குக் குருதி போய்ச் சேர்வது குறைகிறது. குருதி குறைந்தால் புண் ஆறுவதில்லை. வலிக்கு அஞ்சி அவர் மலத்தை அடக்குகிறார்; அடக்கிய மலம் மேலும் இறுகுகிறது; மறுநாள் அதே இடத்தில் மீண்டும் கிழிகிறது. செக்குமாடு போல் நோய் இவ்வட்டத்திலேயே சுற்றி வருகிறது. பெரும்பாலான வெடிப்புகள் ஆசனவாயின் பின்புற நடுக்கோட்டில் தோன்றுவதற்கும் அவ்விடத்துக் குருதியோட்டம் இயல்பிலேயே குறைவாக இருப்பதே காரணம் என்பதை 1989-இலும் 1994-இலும் வெளிவந்த ஆய்வுகள் புலப்படுத்தின. பெண்களுள் சிலருக்கு, குறிப்பாக மகப்பேற்றுக்குப் பின், முன்புறத்திலும் தோன்றுவதுண்டு. நடுக்கோட்டை விட்டு விலகிப் பக்கவாட்டில் தோன்றும் வெடிப்பு காசநோய், குடலழற்சி முதலிய வேறு நோய்களின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதால் மருத்துவர் அதனைத் தனியே ஆராய்வர்.

இந்நோயைப் பண்டையோர் அறியாதவர் அல்லர். சரகரும் சுசுருதரும் இதனைப் 'பரிகர்த்திகா' என்ற பெயரால் குறித்தனர். சுற்றிலும் அரிவது போன்ற வலி என்பது அச்சொல்லின் பொருள். அவர்கள் இதனை எவ்விடத்தில் வைத்துப் பேசினர் என்பது எண்ணத்தக்கது. பேதி மருந்தை முறையின்றிக் கொடுத்தலாலும், பீச்சு மருத்துவத்தைத் தவறாகச் செய்தலாலும் விளையும் கேடுகளுள் ஒன்றாகவே இதனை வைத்தனர். மருத்துவன் கையாலேயே நோய் வரலாம் என்பதை மருத்துவ நூலே ஒப்புக்கொண்டது பெருமைக்குரியது. நெய், தேன், அதிமதுரம் போன்ற குளிர்ச்சியான பொருள்களை அதற்கு மாற்றாகக் கூறினர். சித்த மருத்துவத்தில் யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி மூலத்தை இருபத்தொரு வகையாகப் பிரிக்கிறது. துத்திக்கீரை, கடுக்காய், விளக்கெண்ணெய் ஆகியவை தமிழர் வீட்டு மருந்துகளாயின. திருநெல்வேலிச் சீமையில் விளைந்த நிலவாகை ஐரோப்பிய மருந்துக் கடைகளில் 'தின்னவேலி' என்னும் ஊர்ப்பெயருடனேயே விற்கப்பட்டது. மலச்சிக்கலுக்கு மருந்து தேடி மேனாட்டார் தமிழ் மண்ணுக்கு வந்தனர் என்று பெருமை பேசலாம். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது: நிலவாகை குடலை விரட்டும் மருந்து, அதனை நாள்தோறும் உண்பது பழைய நூல்கள் எச்சரித்த அதே வழியில் செல்வதாகும்.

ஐரோப்பாவிலும் இந்நோய்க்கூட்டம் வெட்கத்தின் இருளிலேயே கிடந்தது. அதனை வெளிச்சத்திற்குக் கொணர்ந்தது ஓர் அரசனின் ஆசனவாய் என்றால் நகைப்பு வரலாம், உண்மை அதுவே. பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயிக்குப் பவுத்திரம் கண்டது. 1686-இல் பெலிக்ஸ் என்னும் அறுவை மருத்துவர் அதனை அறுத்துக் குணப்படுத்தினார். மன்னன் மேல் கத்தி வைப்பதற்கு முன் அவர் ஏழை நோயாளிகள் பலர்மீது அம்முறையைப் பழகிப் பார்த்தார் என்பர். மன்னன் பிழைத்த செய்தியை வரலாறு பொன்னெழுத்தில் பொறித்தது. அந்த ஏழைகளின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. ஏழைகளுக்கென்றே இந்நோய்களுக்கு ஒரு மருத்துவமனை எழ மேலும் நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. 1835-இல் லண்டனில் பிரடெரிக் சால்மன் ஏழு படுக்கைகளுடன் தொடங்கிய இல்லம் பின்னர்ச் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையாகப் புகழ்பெற்றது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு 1841-இல் பவுத்திர அறுவை செய்தவரும் அச்சால்மனே. மயக்கமருந்து கண்டறியப்படாத காலம் அது.

வெடிப்புக்கென்று தனியே சிகிச்சை வகுத்தவர் பிரெஞ்சு மருத்துவர் அலெக்சிஸ் புவாயே. தசையின் இறுக்கமே நோயை நீட்டிக்கிறது என்று கண்டு, 1818-இல் சுருக்குத்தசையை வெட்டித் தளர்த்தும் முறையைக் கூறினார். அவருக்குப் பின் வந்தோர் சிலர் விரலால் தசையை வலிந்து விரித்தனர். அம்முறை பலருக்கு மலத்தை அடக்கும் ஆற்றலையே குலைத்தது. 1951-இல் தென்னாப்பிரிக்காவின் ஐசன்ஹாமர் உட்தசையை மட்டும் வெட்டினாற் போதும் எனக் காட்டினார். 1969-இல் நொட்டாராஸ் என்பவர் அதனைப் பக்கவாட்டில் சிறு கீறல் வழியே செய்யும் முறையை வகுத்தார். அம்முறை இன்றும் நடைமுறையில் உள்ளது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணம் அளிக்கிறது.

இவையெல்லாம் லண்டனிலும் பாரிசிலும் நடந்தவை. பிரிஞ்சாங் மலைச்சரிவில் கொழுந்து பறித்தவர்க்கு இவற்றுள் எது வந்து சேர்ந்தது என்பதே தமிழ் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி.

கேமரன் மலையை 1885-இல் வில்லியம் கேமரன் நில அளவை செய்தார். நாற்பது ஆண்டுகள் அது காடாகவே கிடந்தது. 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அதனை மலைவாழிடமாக்க முனைந்தார். 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். 1930-களின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து சாலை மேலேறியது. 1938-இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் உதவி பெற்று மலாயாவுக்குக் குடிபெயர்வதைத் தடை செய்தது. ஆகவே கங்காணி முறையின் இறுதிப் பத்தாண்டுகளில்தான் இம்மலைத் தோட்டங்கள் எழுந்தன. வங்கக் கரையின் வெயிலில் வளர்ந்த மக்கள், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனிக்குள் வந்து குடியேறினர். திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களின் வறண்ட ஊர்களில் அவர்கள் உண்டது கேழ்வரகும் கம்பும் சோளமும். தோட்டத்தில் கிடைத்தது அரிசி. ஊரில் திருநாளுக்கு மட்டும் பொங்கிய நெல்லுச்சோறு இங்கே நாள்தோறும் கிடைத்தது. அதனை அவர்கள் வாழ்வின் உயர்வாகவே கருதினர். அக்கருத்தைப் பழித்தல் நேர்மையாகாது. பசியறிந்தவரே அதன் அருமை அறிவர். ஆனால் குடலின் கணக்கு வேறு. கூழும் களியும் போன இடத்தில் நார்ச்சத்தும் உடன் போயிற்று.

அரிசியைப் பற்றி மலாயா நாடு உலகுக்கே ஒரு பாடம் கற்பித்தது. சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் ஆயிரக்கணக்கில் மடிந்தபோது, பக்கத்துத் தோட்டத்துத் தமிழர் அந்நோய்க்குப் பெரும்பாலும் தப்பினர். காரணம் தேடிய மருத்துவர் பிராடன், சீனர் உண்ட தீட்டிய பச்சரிசியையும் தமிழர் உண்ட புழுங்கலரிசியையும் ஒப்பிட்டு 1907-இல் நூல் எழுதினார். வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஒரு பிரிவினருக்குப் புழுங்கலும் மற்றொரு பிரிவினருக்குப் பச்சரிசியும் உணவாக அளித்து, நோய் பின்னவரையே பற்றுவதைக் கண்டார். பிரேசரும் ஸ்டாண்டனும் அதனை மேலும் உறுதி செய்தனர். நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்திய தமிழ்ப் பெண்களின் கைப்பழக்கம் உயிர்ச்சத்து அறிவியலின் தொடக்கப் படிகளுள் ஒன்றாயிற்று. தானியத்தின் மேலாடையை அகற்றினால் உடல் எதையோ இழக்கிறது என்னும் அறிவு அன்றே பிறந்தது. ஆனால் அது உயிர்ச்சத்தோடு நின்றது. தவிட்டில் உள்ள நார் குடலுக்கு என்ன செய்கிறது என்பதை உலகம் பொருட்படுத்த மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின.

உகாண்டாவில் பணியாற்றிய அயர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் டெனிஸ் பர்க்கிட் 1972-இல் தம் தோழர்களுடன் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆப்பிரிக்கச் சிற்றூர் மக்கள் நாளொன்றுக்குக் கழித்த மலத்தின் எடை நானூறு கிராமுக்கு மேல். ஆங்கிலக் கடற்படையினர் கழித்ததோ நூறு கிராம் அளவே. முன்னவர் உடலில் உணவு ஒன்றரை நாளில் கடந்து சென்றது. பின்னவர்க்கு மூன்று நாளுக்கு மேல் ஆயிற்று. மலத்தை நிறுத்துப் பார்த்த மருத்துவரை உலகம் முதலில் நகைத்தது. பின்னர் அவர் சொல்லைக் கேட்டது.

பிரிஞ்சாங்கின் முரண் இங்கேதான் விளங்குகிறது. தீபகற்பம் முழுவதற்கும் முட்டைக்கோசும் கீரையும் தக்காளியும் அனுப்பும் மலை அது. அம்மலையில் உழைப்போர் காலையில் உண்பதோ மைதா மாவில் சுட்ட ரொட்டி சானாய், வெள்ளை ரொட்டி, சர்க்கரையும் பாலும் மிகுந்த தேநீர். குளிரில் தாகம் தெரிவதில்லை. ஆதலால் நீர் அருந்துவது குறைகிறது. பெண்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கும் மலைச்சரிவில் ஒதுங்க இடமில்லை. தேயிலை விளையும் நாடுகள் பலவற்றிலும் காணப்படும் நிலை இது. காலையில் நீர் அருந்தினால் நண்பகலில் ஒதுங்க வேண்டிவரும் என்பதால் அருந்தாமலே மலையேறுகின்றனர். வயிறு அழைக்கும்போது அடக்குகின்றனர். 'வெளிக்குப் போதல்', 'கொல்லைக்குப் போதல்' என்று தமிழ் மக்கள் நாகரிகமாகக் கூறும் சொற்கள் ஊரில் திறந்த வெளி இருந்த காலத்துச் சொற்கள். லயன் வீட்டில் வெளியும் இல்லை, கொல்லையும் இல்லை. வரிசைக்கு ஒன்றாகக் கட்டிய வாளிக் கக்கூசு இருந்தது. விடியலில் அதன்முன் காத்து நிற்பதற்குள் பெரட்டு மணி அடித்துவிடும்.

கழிப்பிடம் பற்றித் தோட்ட நிருவாகங்களை எண்ண வைத்தது வெடிப்பு அன்று, கொக்கிப்புழு. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய ஆய்வுக் குழு, சாமுவேல் டார்லிங் தலைமையில் மலாயா, ஜாவா, பிஜி ஆகிய நாடுகளில் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. மண்ணில் கலந்த மலத்தின் வழியே வெறுங்காலில் ஏறும் புழு அது. குருதியை உறிஞ்சிச் சோகையை உண்டாக்குவது. சோகை கண்ட தொழிலாளியால் உழைக்க இயலாது என்பதால் கழிப்பிடம் கட்டுவது ஆதாயக் கணக்கிலும் இடம்பெற்றது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வீடு, நீர், மருத்துவம் ஆகியவற்றைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது. தோட்டந்தோறும் டிரசர் ஒருவர் இருந்தார். பேதி உப்பும் கொயினாவும் அவர் கைவசம் இருந்தன. ஆனால் ஆண் டிரசரிடம் சென்று, இவ்விடத்தில் வலி என்று எந்தப் பெண் வாய்திறப்பாள்? உழைப்பைத் தடுக்கும் நோய்க்குச் சட்டம் வந்தது. உழைத்துக்கொண்டே பொறுத்துக்கொள்ளத்தக்க வலிக்கு எவரும் கணக்கு எழுதவில்லை.

சோகைக்கும் வெடிப்புக்கும் மறைவான தொடர்பு ஒன்றுண்டு. சோகைக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை பலருக்கு மலச்சிக்கலைத் தருகிறது. கருவுற்ற பெண்ணுக்கு இயல்பாகவே குடல் தளர்ந்து மலம் இறுகும். அதன்மேல் இம்மாத்திரையும் சேரும். பின்னர் மகப்பேற்றின் முக்கலும் சேரும். எனவே மாத்திரையை நிறுத்துதல் வழியன்று. மாத்திரையோடு நீரையும் கீரையையும் பழத்தையும் சேர்த்துக்கொள்ளுதலே வழி. உணவோடு தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதையும் தேயிலை மலையில் வாழ்வோர் அறிதல் வேண்டும். சோற்றுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விட்டால் போதும்.

விடுதலைக்குப் பின் 1966-இல் தொழிலாளர் குறைந்த அளவு வீட்டுவசதிச் சட்டம் வந்தது; 1990-இல் அதனினும் விரிந்த சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. வாளிக் கக்கூசு மறைந்து நீரூற்றும் கழிப்பறை வீட்டுக்கு வீடு வந்தது. தோட்டத்துச் சிறு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. இன்று பிரிஞ்சாங் மக்கள் தானா ராத்தா அரசு மருத்துவமனைக்குச் செல்கின்றனர். வசதி வந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை.

இதற்கிடையே மருத்துவம் எளிமையை நோக்கித் திரும்பியிருந்தது. டென்மார்க்கின் ஜென்சன் 1986-இல் முதன்முறை வெடிப்புக் கண்ட 103 பேரை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்தார். மரத்துப்போகச் செய்யும் களிம்பு பூசியவருள் நூற்றுக்கு அறுபது பேரே மூன்று வாரத்தில் குணமுற்றனர். வெதுவெதுப்பான நீரில் அமர்ந்து, தவிடு கலந்த உணவு உண்டவருள் நூற்றுக்கு எண்பத்தேழு பேர் குணமுற்றனர். மறு ஆண்டு அவரே, குணமானவர் நாள்தோறும் பதினைந்து கிராம் தவிட்டைத் தொடர்ந்து உண்டால் நோய் திரும்புவது நூற்றுக்குப் பதினாறாகக் குறைவதையும், அதில் பாதி அளவு உண்டவர்க்கு அறுபதுக்கு அருகில் இருப்பதையும் காட்டினார். பாட்டிமார் அகன்ற பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி 'உட்கார்' என்று சொன்னது அறிவியல் ஆயிற்று. நீர் தாங்கக்கூடிய சூட்டில் இருத்தல் வேண்டும். பத்து அல்லது பதினைந்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று முறை, குறிப்பாக மலம் கழித்த பின் அமர்தல் வேண்டும். வெந்நீரின் சூட்டில் தசை தளர்கிறது. தளர்ந்தவிடத்துக் குருதி ஓடுகிறது.

ஆறு வாரத்திற்கு மேலும் ஆறாத வெடிப்புக்கு 1990-களில் புதிய வழி பிறந்தது. நைட்ரோகிளிசரின் கலந்த களிம்பு உட்தசையைத் தளர்த்துவது கண்டறியப்பட்டது. ஆல்பிரெட் நோபெல் 1867-இல் வெடிமருந்தாக்கிய அதே பொருள் இது. அவர்க்கே முதுமையில் இதயநோய்க்கு மருத்துவர் இதனைப் பரிந்துரைத்தனர். வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்க்கு வந்த தலைவலி இக்களிம்பு பூசுவோர்க்கும் வருவதுண்டு. ஏறத்தாழப் பாதிப் பேருக்கே இது குணமளிக்கிறது. டில்டியசம் களிம்பில் தலைவலி குறைவு. தசையைச் சில மாதம் தளர்த்தி வைக்கும் போட்டுலினம் ஊசியும் உண்டு. இவை பயன்படாதபோதே அறுவை. அதுவும் மகப்பேறு பல கண்ட பெண்களுக்கு மலத்தை அடக்கும் ஆற்றல் குறையக்கூடும் என்பதால் மருத்துவர் நன்கு ஆய்ந்தே செய்வர். ஆசனவாயில் குருதி கண்டால், அது வெடிப்போ மூலமோ என்று தாமே முடிவு கட்டுதல் கூடாது. நடுவயதைக் கடந்தோர்க்குப் பெருங்குடல் புற்றும் அவ்வழியே தன் முதற்செய்தியை அனுப்பும்.

இந்நோயின் தொடக்கத்தைத் தேடிச் சென்றால் பல வேளைகளில் அது வகுப்பறையில் போய் நிற்கிறது. தண்ணீரில்லாத, தாழ்ப்பாள் இல்லாத பள்ளிக் கழிப்பறைக்கு அஞ்சி, காலை முதல் மாலை வரை அடக்கிக்கொள்ளும் குழந்தை எல்லாத் தமிழ்ப் பள்ளியிலும் உண்டு. தமிழ்ப் பள்ளியில் மட்டும் என்றில்லை. ஒருமுறை இறுகிய மலம் கிழித்துவிட்டால் போதும். வலியை நினைந்து மறுநாளும் அடக்கும். தாய் அதனைப் பிடிவாதம் என்பாள். ஆசிரியர் கவனக்குறைவு என்பார். குழந்தைக்கோ அதனைச் சொல்லச் சொல் தெரியாது. உடலுக்குத் தமிழில் இழிசொல்லும் மருத்துவச் சொல்லும் உண்டு. குழந்தை வெட்கமின்றிச் சொல்லத்தக்க நடுநிலைச் சொல்லை எவரும் கற்பிப்பதில்லை. பாடம் நடக்கும்போது ஒரு மாணவன் எழுந்து வெளியே செல்ல இசைவு கேட்டால், இடைவேளை வரை பொறு என்று அமர்த்துவது ஒழுங்கின் பெயரால் நடக்கிறது. திருக்குறளின் மருந்து அதிகாரத்தை அதே வகுப்பில் நடத்துகின்றனர். அவ்வதிகாரம் மருந்தின் பெயர் ஒன்றையேனும் கூறாது, உண்ணும் அளவையும் செரிக்கும் காலத்தையுமே பெரிதும் பேசுகிறது.

பிரிஞ்சாங் தேயிலைச் சரிவுகளில் இன்று கொழுந்து வெட்டுவோர் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். முதலில் குடியேறிய தமிழரின் பேரப்பிள்ளைகள் பலர் சமவெளி நகரங்களுக்கு இறங்கிவிட்டனர். விரைவுணவும், நாள் முழுதும் நாற்காலியும், கழிப்பறைக்குள்ளும் கைப்பேசியுமாக அவர்கள் வாழ்கின்றனர். மலையில் விட்டுச்சென்ற இடத்தில் புதியவர் நிற்கின்றனர். காலையில் நீர் அருந்தாமல் மலையேறுகின்றனர். தம் வலியைச் சொல்ல அவர்களுக்கு இந்நாட்டு மொழியும் இல்லை.